கொழும்பு–ரொறன்ரோ: எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?

மரைன்_டிரைவ்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயசு, சீனி வருத்தம், இன்சுலின் போடுறவ. ஜூலையில வெள்ளவத்தையிலயிருந்து ரொறன்ரோவுக்குத் தம்பி வீட்டுக்குப் போறா, தனியத்தான். கனடா விசா வந்திட்டுது, இனி ரிக்கெற் எடுக்க வேணும். எடுக்க முதல் மூண்டு விசயம் தெளிவாகவேணும்.

ஒண்டு, தூரம். ஒரு தளத்தில கொழும்பு–ரொறன்ரோ 13,996 எண்டு கிடக்கு. இன்னொண்டில 8,697. மூண்டாவதில 7,557. கொழும்பு–லண்டனும் 8,700 சொச்சம் எண்டுதான் காட்டுது, அப்ப லண்டனும் ரொறன்ரோவும் ஒரே தூரமா? தம்பி எக்செல்லில தானே கணக்குப் போட்டு 4,058 எண்டு அனுப்பியிருக்கிறான்.

ரெண்டு, வழி. டுபாய், லண்டன், இஸ்தான்புல், டோஹா எண்டு ஏஜென்சியில நாலு வழி காட்டுறாங்கள். மொத்த நேரம் 21 மணித்தியாலத்திலயிருந்து 33 மட்டும் போகுது. தூரம் குறைஞ்ச வழியால போனா நேரமும் குறையுமா?

மூண்டு, போகேக்க நேரம் கூடவும் வரேக்க குறையவும் காட்டுது. அது ஏன்?

---

அட்சரேகை:

தூரத்தை நான் சொல்லுறன், மற்றதைத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லட்டும்.

முதல் மூண்டு எண்ணும் ஒரே தூரம்தான், அலகு மட்டும் வேற. 13,996 கிலோமீற்றர். அதை 1.6093 ஆல பிரிச்சா 8,697 சாதாரண மைல். 1.852 ஆல பிரிச்சா 7,557 கடல் மைல். விமான ஆக்கள் பாவிக்கிறது கடல் மைல்தான், அதால சில தளங்கள் அலகைப் போடாமல் அந்த எண்ணை மட்டும் போட்டுவிடும். லண்டன் ஹீத்ரோவுக்கு 8,715 கிலோமீற்றர். ரொறன்ரோ மைலில 8,697, லண்டன் கிலோமீற்றரில 8,715, ரெண்டும் கிட்டக் கிட்ட வந்தது தற்செயல். எந்த எண்ணைப் பார்த்தாலும் பக்கத்தில என்ன அலகு எண்டு பார்க்காமல் ஒப்பிட வேண்டாம்.

இனி அந்த 4,058. தம்பி விட்ட இடம் எனக்கு விளங்குது, கொழும்பு–ரொறன்ரோவுக்கு எண்டே இருக்கிற பொறி அது. கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்க வடக்கு 7.18 பாகை, கிழக்கு 79.88 பாகை. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் வடக்கு 43.68, மேற்கு 79.63. தீர்க்கரேகை எண்கள் ரெண்டும் ஏறக்குறைய ஒண்டு, திசைதான் எதிர். மேற்குக்குக் கழித்தல் குறி போட மறந்தா, கணக்கு ரொறன்ரோவைக் கொழும்புக்கு நேர் வடக்கில வைச்சிடும். அந்த இடம் கசகஸ்தானில, அல்மாட்டிக்குக் கொஞ்சம் கிழக்கால. அங்க போக 4,058 கிலோமீற்றர் சரி. வேற ரெண்டு ஊருக்கு இப்பிடிக் குறி விட்டா விடை கோணலா வந்து ஆள் உசார் ஆயிடும். இதில நம்பக்கூடிய எண்ணா வந்து நிக்கிறதுதான் பிரச்சினை.

சரியான கணக்கு இது, போன் கல்குலேற்றரிலயே போடலாம். மூண்டு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டுறன்.

ரெண்டு அட்சரேகையின்ர சைனையும் பெருக்குங்கோ: 0.125 × 0.691 = 0.086.

ரெண்டின்ர கோசைனையும் பெருக்குங்கோ: 0.992 × 0.723 = 0.718. இதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின்ர கோசைனால பெருக்க வேணும். ஒண்டு கிழக்கு, மற்றது மேற்கு எண்டபடியால வித்தியாசம் 79.88 + 79.63 = 159.51 பாகை. அதின்ர கோசைன் மறை (கழித்தல் குறியோட) 0.937. பெருக்கினா மறை 0.672.

ரெண்டு விடையையும் கூட்டினா மறை 0.586. அதின்ர நேர்மாறு கோசைன் (கல்குலேற்றரில cos⁻¹) 125.87 பாகை. பூமியில ஒரு பாகை 111.195 கிலோமீற்றர். பெருக்க 13,996 வரும்.

எக்செல்லில இன்னொரு பொறி இருக்கு. அதின்ர சைன், கோசைன் எல்லாம் ரேடியனில, அதாவது கோணத்தை அளக்கிற வேற ஒரு அலகில, வேலை செய்யும். பாகையை அப்பிடியே குடுத்தா வாற விடைக்கும் பூமிக்கும் சம்பந்தம் இருக்காது. முதல் ரேடியனுக்கு மாத்தித்தான் குடுக்கவேணும். பூமி சரியான உருண்டையும் இல்லை, துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை. அதால ஒரு தளத்துக்கும் மற்றத் தளத்துக்கும் அரை வீதம் மட்டும் வித்தியாசம் வரலாம், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

சுவர் வரைபடத்தில கோடு போட்டுப் பார்த்தா, பாதை அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் எண்டு போற மாதிரித் தெரியும். உலக உருண்டையில ஒரு நூலைக் கொழும்பிலயும் ரொறன்ரோவிலயும் பிடிச்சு இறுக்கிப் பாருங்கோ. நூல் வடக்கே ஏறி இந்தியா, மத்திய ஆசியா, ரஷ்யா கடந்து போகும். நடுப்புள்ளி ரஷ்யாவின்ர ஆர்க்காங்கெல்ஸ்க் நகரத்துக்குக் கிட்ட விழும். அதுக்கு மேலயும் ஏறி 72 பாகை வடக்கு மட்டும் போய்த்தான் கிரீன்லாந்துப் பக்கமா இறங்கும். குறைஞ்ச தூரம் அதுதான். ஆனா அந்தக் கோட்டில கொழும்பிலயிருந்து நேரே பறக்கிற விமானம் ஒண்டும் இல்லை.

---

காற்றுத்திசை:

அட்சரேகை சொன்ன நேர்கோடு ஒரு அளவுகோல்தான். இனி நீங்கள் கேட்ட நாலு வழியையும் அதோட வைச்சுப் பாருங்கோ. எல்லாம் நேர்கோட்டுத் துண்டுகளின்ர கூட்டுத்தொகை.

டுபாய் வழி: 3,290 + 11,080 = 14,370 கி.மீ.
லண்டன் வழி: 8,715 + 5,705 = 14,420 கி.மீ.
இஸ்தான்புல் வழி: 6,295 + 8,170 = 14,465 கி.மீ.
டோஹா வழி: 3,615 + 10,880 = 14,495 கி.மீ.

ஆகக் குறைஞ்சதுக்கும் ஆகக் கூடினதுக்கும் வித்தியாசம் 125 கிலோமீற்றர். பெரிய விமானம் அதை ஒன்பது நிமிசத்தில தாண்டிடும். ஏஜென்சி காட்டுற 21 மணித்தியாலத்துக்கும் 33 மணித்தியாலத்துக்கும் இடையில இருக்கிற 12 மணித்தியாலத்தில தூரத்தின்ர பங்கு இவ்வளவுதான். மிச்சம் முழுக்க இடையில காத்திருக்கிற நேரம். அதால தூரத்தைப் பார்த்து வழி தெரிவு செய்யிறதை விட்டிடுங்கோ.

வரைபடத்தில ஆகக் கிட்டின வழி இது ஒண்டுமில்லை, டெல்லி வழிதான். 2,395 + 11,640 = 14,035, நேர்கோட்டை விட 40 கிலோமீற்றர்தான் கூட. ஆனா பறக்கேக்க அந்த லாபம் கிடைக்காது. 2022 பெப்ரவரி கடைசியில ரஷ்யாவும் கனடாவும் ஒண்டுக்கொண்டு வான்வெளியை மூடினதால, கனடா விமானம் டெல்லியிலயிருந்து ரஷ்யாவைச் சுத்தித்தான் போகவேணும். இந்திய விமானத்துக்கு ரஷ்யா திறந்திருக்கு, ஆனா 2025 ஏப்ரலில பாகிஸ்தான் தன்ர வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடினது. ரெண்டு பேருக்கும் ஏதோ ஒரு பக்கம் அடைப்பு.

டுபாய்–ரொறன்ரோ நேர்கோடும் ஈரானுக்கு மேலால போய், கருங்கடலின்ர கிழக்கு ஓரத்தைத் தொட்டு, உக்ரைனைக் கடந்து, தெற்கு நோர்வே, ஷெட்லண்ட் தீவுகள் பக்கமாப் போகுது. உக்ரைன் வான்வெளி 2022 பெப்ரவரி 24 இல பயணிகள் விமானங்களுக்கு மூடினது. அதால ஒண்டில் துருக்கி, ருமேனியாப் பக்கமா, அல்லது கிழக்கால ஒதுங்கித்தான் போகவேணும். கொழும்பு–லண்டன் கோட்டின்ர நடுப்புள்ளி தெஹ்ரானுக்குப் பக்கத்தில விழுது, முக்கால் தூரத்தில ஒடேசாவுக்குக் கிட்ட வருது. அங்கயும் தெற்கால வளைஞ்சுதான் போறாங்கள். இந்த வளைவுகள் சில நூறு கிலோமீற்றர் கூட்டும். வளைகுடாப் பக்கம் பதற்றம் வந்து ஈரான், ஈராக் வான்வெளி அடைபட்டா இன்னும் கூடும், சில நேரம் விமானமே ரத்தாகும். பயணத்துக்கு ரெண்டு மூண்டு நாள் முதல் செய்தியை ஒருக்காப் பாருங்கோ.

மூண்டாவது கேள்விக்கு விடை, காற்று. விமானம் பறக்கிற 10, 11 கிலோமீற்றர் உயரத்தில, நடு அகலாங்குகளில, மேற்கிலயிருந்து கிழக்கு நோக்கி ஒரு வேகமான காற்று ஓடை இருக்கு. மணிக்கு 100, 150 கிலோமீற்றர் சர்வசாதாரணம், மாரி காலத்தில அதின்ர நடுப்பகுதி 300 ஐயும் தாண்டும். விமானத்தின்ர சொந்த வேகம் மணிக்கு 900 எண்டு வையுங்கோ. முழுப் பாதைக்கும் சராசரியா 60 எதிர்க்காற்று எண்டா தரைக்கு மேல 840. டுபாய்–ரொறன்ரோ 11,080 ஐ 840 ஆல பிரிச்சா 13.2 மணித்தியாலம். ஏறி இறங்க அரை மணித்தியாலம், வளைவுக்குக் கொஞ்சம், மொத்தம் 14 கிட்ட வரும். திரும்பி வரேக்க அதே காற்று பின்னால தள்ளும், வேகம் 960. 11.5 மணித்தியாலமும் மிச்சமும், 12½ போல. அதே விமானம், அதே தூரம், ஒண்டரை மணித்தியாலம் வித்தியாசம்.

பூமி கிழக்கு நோக்கிச் சுத்துறதால மேற்க போனா ஊர் எங்களை நோக்கி வரும், நேரம் குறையும் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். அது பிழை. காற்றும் பூமியோட சேர்ந்துதான் சுத்துது, விமானம் அந்தக் காற்றுக்குள்ளதான் பறக்குது. அவை சொல்லுறது சரியெண்டா மேற்க போறதுதான் கெதியா முடியவேணும். நடக்கிறது அதுக்கு எதிர்மாறு.

ரிக்கெற்றில இருக்கிற நேரம் வானத்தில இருக்கிற நேரம் மட்டும் இல்லை. வாசல் மூடி நகரத் தொடங்கினதிலயிருந்து, போய் நிக்கிற மட்டும் உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, வரிசையில நிக்கிறது எல்லாம் அதுக்குள்ள அடங்கும். அதால 20, 30 நிமிசம் முந்தி இறங்கிறதும் நடக்கும்.

---

மரைன்_டிரைவ்:

நல்லா விளங்கிச்சு, நன்றி. அப்ப பார்க்கவேண்டியது இடையில நிக்கிற நேரம். அதை ரிக்கெற்றைப் பார்த்து எப்பிடிக் கணக்குப் பண்ணுறது? எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில போட்டிருக்கு, குழப்பமாக் கிடக்கு.

---

ரிக்கெற்_மேசை:

முதல் மணிக்கூட்டைச் சரிக்கட்டுவம். இலங்கை கிரீன்விச்சுக்கு 5.30 முன்னுக்கு, வருசம் முழுக்க. டுபாய் 4, இஸ்தான்புல் 3, டோஹாவும் 3, இந்த மூண்டும் மாறாது. மாறுறது லண்டனும் ரொறன்ரோவும். ரொறன்ரோ கோடையில கிரீன்விச்சுக்கு 4 பின்னுக்கு, மாரியில 5 பின்னுக்கு. ஆகக் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில 9.30, மாரியில 10.30 மணித்தியாலம் வித்தியாசம்.

ஒரு உதாரணம். நேரங்கள் கணக்குக்காக நானே போட்டது, எந்த விமானத்தின்ரையும் அட்டவணை இல்லை. கொழும்பில காலை 10.05 க்கு வெளிக்கிட்டு டுபாயில 13.05. அடுத்த நாள் விடிய 3.30 க்கு டுபாயில வெளிக்கிட்டு ரொறன்ரோவில காலை 9.30. ஜூலை மாதம்.

மொத்த நேரம் எடுக்க இடையில உள்ள ஊரைப் பார்க்கவே வேண்டாம். கொழும்பு 10.05 இலயிருந்து அடுத்த நாள் 9.30 மட்டும் 23 மணி 25 நிமிசம். அதோட 9.30 ஐக் கூட்டுங்கோ: 32 மணி 55 நிமிசம். இதுதான் உங்கட 33.

காத்திருப்பு டுபாய் மணிக்கூட்டிலயே கிடக்கு: 13.05 இலயிருந்து 3.30 மட்டும் 14 மணி 25 நிமிசம். 32.55 இல 14.25 ஐக் கழிச்சா பறக்கிற நேரம் 18.30. அதே ரெண்டு விமானத்துக்கும் இடையில 3 மணித்தியாலம் மட்டும் இருந்தா மொத்தம் 21.30. அவ்வளவுதான் சூத்திரம்.

மார்ச், ஒக்டோபர் பக்கம் லண்டன் வழி எடுக்கிற ஆக்களுக்கு ஒண்டு. கனடா மணிக்கூட்டை மாத்துறது மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இங்கிலாந்து மாத்துறது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். இடைப்பட்ட கிழமைகளில லண்டன்–ரொறன்ரோ வித்தியாசம் 5 மணித்தியாலம் இல்லை, 4. ரிக்கெற்றில நேரம் சரியாத்தான் அடிச்சிருக்கும், மனக்கணக்குப் போடுற ஆள்தான் பிழைக்கும்.

இனி எவ்வளவு காத்திருப்பு நல்லது? 68 வயசு, தனிய, முதல் தடவை எண்டா, நான் மூண்டு மணித்தியாலத்துக்குக் குறைய எடுக்க விடமாட்டன், ஆறுக்கு மேலயும் விடமாட்டன். கணினி ஒண்டேகால் மணித்தியால இணைப்பையும் காட்டும். அந்த விமான நிலையத்தில போதுமெண்டு வைச்சிருக்கிற குறைஞ்ச நேரம் அது. கொழும்பிலயிருந்து விமானம் 40 நிமிசம் பிந்தினா, வீல்செயரில போற ஒரு ஆள் அந்த நேரத்துக்குள்ள மற்ற வாசலுக்குப் போய்ச் சேரமாட்டா.

இணைப்பு நேரத்தை விடவும் பெரிசு, முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றா எண்டது. ஒரே ரிக்கெற் எண்டா கட்டுநாயக்கவில போட்ட பெட்டி ரொறன்ரோவிலதான் வரும், முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினா அடுத்த இருக்கையைத் தேடித் தாறது அவங்கட பொறுப்பு. ரெண்டு தனி ரிக்கெற் எண்டா ரெண்டும் இல்லை. ரெண்டாவது கொம்பனியைப் பொறுத்தவரைக்கும் நீங்கள் வராமல் விட்ட பயணி. காசு போச்சு.

டிரான்சிற் விசா விசயம் இலங்கைப் பாஸ்போட்டுக்குக் கட்டாயம் பார்க்கவேணும். டுபாய், டோஹா, இஸ்தான்புல்லில வெளிய வராமல் உள்ளுக்கயே மாறினா விசா தேவையில்லை. இங்கிலாந்தும் ஷெங்கன் நாடுகளும் (ஒரே விசாவில போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) இலங்கையரை விமான நிலையத்துக்குள்ள மாறுறதுக்கே விசா கேக்கிற பட்டியலில வைச்சிருக்கினம், ஆனா செல்லுபடியான கனடா விசா இருந்தா அதுக்கு விலக்கு இருக்கு. போகேக்க அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. கவனிக்கவேண்டியது திரும்பி வாறது. கனடாவில போய்த் தங்குற காலத்தை நீட்டிக்கொண்டா அங்க இருக்கலாம், ஆனா பாஸ்போட்டில ஒட்டின விசா முடிஞ்ச திகதி முடிஞ்சதுதான். அதுக்குப் பிறகு லண்டன் வழியாத் திரும்பினா அந்த விலக்கு இல்லாமல் போகலாம். தங்கிற காலம் நீளக்கூடும் எண்டா டுபாய், டோஹா, இஸ்தான்புல் வழிகள்தான் பயமில்லாதது. எந்த வழியெண்டாலும் பயணத்துக்குக் கிட்டின நாளில விமானக் கொம்பனியிட்ட அம்மாவின்ர பாஸ்போட், விசாத் திகதி குடுத்து ஒருக்கா உறுதிப்படுத்துங்கோ, சட்டம் மாறும்.

---

தாதி_அக்கா:

தம்பி, இன்சுலின் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதால எழுதுறன்.

மேற்க போகேக்க அம்மாவின்ர அந்த ஒரு நாள் 24 மணித்தியாலம் இல்லை. ஜூலையில 33½ மணித்தியாலம். நாளைக்கு ஒருக்காப் போடுற நீண்டநேர இன்சுலினை ரொறன்ரோ மணிக்கூட்டுப்படி போட்டா இடைவெளி கூடிப்போகும், கொழும்பு மணிக்கூட்டுப்படி போட்டா அங்க போய் நேரங்கெட்ட நேரத்தில நிக்கும். இடையில எவ்வளவு, எப்ப எண்டதைப் பயணத்துக்கு ரெண்டு கிழமைக்கு முதல் அவவைப் பார்க்கிற டொக்டர்தான் எழுதித் தரவேணும், நீங்களாக் கணக்குப் போடக்கூடாது. விமானச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, வெளிக்கிடுற நேரம், இறங்கிற நேரம், சாப்பாடு வாற நேரம் எல்லாம் பார்த்து எழுதுவினம். அதை அம்மா வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில ஒரு மட்டையில எழுதிக் கைப்பையில வையுங்கோ. ரொறன்ரோவில இறங்கும் மட்டும் கைமணிக்கூட்டை மாத்தவேண்டாம், கொழும்பு நேரத்திலயே இருக்கட்டும்.

இன்சுலின் பெட்டிக்குள்ள போகக்கூடாது. சாமான் அறையில குளிர் உறைநிலைக்குப் போகலாம், உறைஞ்ச இன்சுலின் வேலை செய்யாது. கைப்பையில, ஊசியோட, மீற்றரோட, ஆங்கிலத்தில டொக்டர் கடிதத்தோட போகவேணும். மருந்துக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாட்டில விலக்கு இருக்கு, ஆனா பாதுகாப்புச் சோதனையில தானே முந்தி எடுத்துக் காட்டினா வில்லங்கம் இல்லை. தேவையானதைப் போல ரெண்டு மடங்கு. சாப்பாடு பிந்தினாக் கடிக்க பிஸ்கற், சீனி இறங்கினா வாயில போட நாலைஞ்சு குளுக்கோஸ் குளிசை.

வீல்செயர் பதிவு ரிக்கெற் எடுக்கேக்கயே, பிந்தினா 48 மணித்தியாலத்துக்கு முதல். அதில மூண்டு வகை இருக்கு: படி ஏறுவா, ஆனா கனதூரம் நடக்கமாட்டா; படியும் ஏறமாட்டா; இருக்கைக்கே தூக்கிக்கொண்டு போகவேணும். சும்மா “வீல்செயர்” எண்டு சொல்லி விட்டா முதலாவது வகையைத்தான் போடுவினம். விமானம் வாசலோட ஒட்டாமல் தூரத்தில நிண்டா, பஸ்ஸால இறங்கிப் படியில ஏறவேணும். முழங்கால் ஏலாத ஆளெண்டா ரெண்டாவது வகையைக் கேட்டுப் பதியுங்கோ. இன்னொண்டு, பதிவு ரெண்டு விமானத்துக்கும் தனித்தனியா விழுந்திருக்கோ எண்டு பாருங்கோ. முதலாவதில மட்டும் விழுந்து, டுபாயில ஆள் இல்லாமல் நிக்கிறது அடிக்கடி நடக்கிறது.

14 மணித்தியால விமானத்துக்கு நடைபாதை ஓர இருக்கை. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்கவேணும், காலில இரத்தம் கட்டிறதைத் தவிர்க்க. தண்ணி குடிச்சா அடிக்கடி எழும்ப வேணும் எண்டு குடிக்காமல் விடுவினம். அதுதான் கூடாது.

---

மரைன்_டிரைவ்:

அக்கா, இதை அப்பிடியே பிரிண்ட் எடுத்திட்டன். இப்ப ரெண்டு தெரிவில நிக்குது.

அ) கொழும்பு–லண்டன் ஸ்ரீலங்கன் ஒரு ரிக்கெற், லண்டன்–ரொறன்ரோ ஏர் கனடா வேற ரிக்கெற். இடையில 2 மணி 10 நிமிசம். 38,000 ரூபா மலிவு.

ஆ) டுபாய் வழி, எமிரேற்ஸ், ஒரே ரிக்கெற், இடையில 3 மணி 20 நிமிசம்.

---

ரிக்கெற்_மேசை:

ஆ. யோசிக்கவே தேவையில்லை. அ வை நிமிசம் நிமிசமாப் போட்டுக் காட்டுறன்.

மொத்தம் 130 நிமிசம். ஸ்ரீலங்கன் ஹீத்ரோவில மூண்டாம் முனையம், ஏர் கனடா ரெண்டாம் முனையம். தனி ரிக்கெற் எண்டபடியால பெட்டி லண்டனில வெளிய வரும், அதை எடுக்க அம்மா குடிவரவு தாண்டி இங்கிலாந்துக்குள்ள வரவேணும். உள்ளுக்க மாறுறதுக்கு உள்ள விசா விலக்கு வேற, எல்லை தாண்டி வெளிய வாறதுக்கு உள்ள நிபந்தனை வேற. அதைக் கட்டுநாயக்க கவுண்டரிலயே கேப்பாங்கள், திருப்தி இல்லையெண்டா ஏத்தமாட்டாங்கள். சரி, ஏத்தினதா வைப்பம். விமானத்தால இறங்கிக் குடிவரவுக்கு வர 25 நிமிசம். குடிவரவு வரிசை 30 இலயிருந்து 60. பெட்டி வர 20. ரெண்டாம் முனையத்துக்குச் சுரங்கப் பாதையால பெட்டி தள்ளிக்கொண்டு 15. ஆகக் குறைஞ்சது 90 நிமிசம், எல்லாம் நல்லா நடந்தா. ஏர் கனடா கவுண்டர் பெட்டி எடுக்கிறதை விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் முதல் நிப்பாட்டிடும். அப்ப கையில இருக்கிறது 70 நிமிசம்தான். ஸ்ரீலங்கன் ஒரு நிமிசம் பிந்தாமல் வந்தாலும் இது சரிவராது. தவறினா அண்டைக்கு வாங்கிற ஒருவழி ரிக்கெற்றுக்கு 38,000 கால் தூசிக்கும் காணாது.

ஆ வில டுபாயில முனையம் மாறத் தேவையில்லை, ரெண்டு விமானமும் மூண்டாம் முனையம். வாசல் தொகுதி மாறினா உள்ளுக்கு ரெயில் இருக்கு, வீல்செயர் ஆக்களே கூட்டிக்கொண்டு போவினம். கட்டுநாயக்கவில போடிங் பாஸ் ரெண்டும் கையில தந்தவையோ, பெட்டிச் சீட்டில கடைசி ஊர் ரொறன்ரோ பியர்சன் எண்டு இருக்கோ எண்டு கவுண்டரை விட்டு நகர முதல் பாருங்கோ. சீட்டில டுபாய் மட்டும் இருந்தா அங்கயே சொல்லி மாத்துங்கோ.

வீட்டிலயிருந்து வெளிக்கிடுற நேரமும் பயண நேரம்தான். பேலியகொடையில அதிவேகப் பாதையில ஏறினாப் பிறகு 20, 25 நிமிசம், அது பிரச்சினை இல்லை. வெள்ளவத்தையிலயிருந்து பேலியகொடை மட்டும் காலி வீதியில காலை எட்டு மணிக்கு எவ்வளவு எடுக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். காலை 10 மணி விமானமெண்டா 5.30 க்கு வாகனம் வாசலில நிக்கட்டும். அந்த நேரம் பாதை வெளியா இருக்கும், கவுண்டர் திறக்க வரிசையில முன்னுக்கு நிப்பீங்கள்.

---

மரைன்_டிரைவ்:

ஆ வையே போட்டாச்சு, வீல்செயர் ரெண்டாவது வகை, ரெண்டு விமானத்துக்கும் விழுந்திருக்கு. கடைசியா ஒண்டு: தம்பி பியர்சனுக்கு எத்தனை மணிக்கு வரவேணும்?

---

ரிக்கெற்_மேசை:

எமிரேற்ஸ் வாறது முதலாம் முனையம். மூண்டாம் முனையத்தில போய் நிண்டா ஆளைக் காணமாட்டார். விமானம் இறங்கிறதிலயிருந்து குடிவரவு, பெட்டி, சுங்கம் முடிச்சு வெளிய வர ஒரு மணித்தியாலத்திலயிருந்து ஒண்டரை. அண்டைக்குக் காலமை விமான இலக்கத்தைப் போட்டு இறங்கிற நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கோ, காற்றைப் பொறுத்து அரை மணித்தியாலம் முந்தியும் வரும். இறங்கின நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் கழிச்சு வருகைக் கதவடியில நிண்டாச் சரி. அம்மாவின்ர கைப்பையில தம்பியின்ர பெயர், விலாசம், கனடா போன் இலக்கம் ஆங்கிலத்தில எழுதி வையுங்கோ, குடிவரவில எங்க தங்குறீங்கள் எண்டு கேட்டா எடுத்துக் காட்டலாம்.